மீட்டர் சொன்ன எண்

ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய காரை, மீட்டரை மாற்றி, எழுபதாயிரம் ஓடிய கார் என்று விற்று ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான் புகார். அதில் இரண்டாம் எதிர்தரப்பினர் என் கட்சிக்காரர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டரை மாற்றியது அவர்தான். தன் வீட்டு வாசலில், தன் கையால் மாற்றினார். மாற்றியதை ஒப்புக்கொண்டு, ஏமாற்றியதை மறுப்பதுதான் எங்கள் பதிலுரை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு குறுகலான வழி இருக்கிறது என்பதைப் பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் தவிர்க்கிறேன். வட மாவட்டம் ஒன்றின் நுகர்வோர் ஆணையத்தில் நடந்தது, விற்பனை 2023க்கு முந்தையது என்பது போதும்.

அவர் என்னிடம் வந்தபோது ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள். ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020இல் ஹில்லி மல்டிபர்ப்பஸ் கோல்டு ஸ்டோரேஜ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸைப் பீரோவில் வைத்துவிட்டுக் காலம் கடந்து வருகிறவர்களுக்கு எந்த வக்கீலாலும் உதவ முடியாது. இவர் தாமதித்ததற்குக் காரணம் வேறு. அதே புகாரைக் காவல் நிலையத்திலும் கொடுத்திருந்தார்கள். சி.எஸ்.ஆர். போட்டு, விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இந்த வயதில் ஸ்டேஷன் படி ஏற வேண்டியதாகிவிட்டதே என்பதிலேயே அவர் மனம் உடைந்து கிடந்தார்.

"சார், முப்பத்தஞ்சு வருஷம் கம்பத்துல ஏறினவன் நான். ஒருத்தர்கிட்ட பத்து ரூபாய் வாங்கினதில்ல. என் மேல நானூத்தி இருபதுங்கறாங்க."

"ஐயா, அதை அப்புறம் பார்க்கலாம். மீட்டர் போர்டை ஏன் மாத்தினீங்க, எப்படி மாத்தினீங்க, மாத்தினதை யார் யார்கிட்ட சொன்னீங்க? இந்த மூணுக்கும் பதில் சொல்லுங்க" என்றேன்.

முதல் இரண்டுக்கும் அவர் சொன்ன பதில் ஒரு பாடம் போல இருந்தது. பத்தாண்டு ஓடிய டீசல் கார். முதலில் டீசல் முள் படுத்தது. பிறகு டெம்பரேச்சர் முள்ளும் நின்றுவிட்டது. எஞ்சின் சூடேறினால் தெரியாது என்பதால் அதை அவரால் சும்மா விட முடியவில்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் திரையும் மங்கி மங்கி வந்தது. கம்பெனி சர்வீஸில் புது மீட்டர் போர்டுக்குச் சொன்ன விலை, வயதான அந்தக் காருக்குக் கட்டுப்படியாகாது என்று பட்டது. சென்னை புதுப்பேட்டைக்குப் போய், விபத்தில் நொறுங்கிய அதே மாடல் காரிலிருந்து கழற்றிய போர்டு ஒன்றை வாங்கினார். பின்பக்கம் ஒட்டியிருந்த பார்ட் நம்பரைத் தன் பழைய போர்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினார். ஒரே மாடலாக இருந்தாலும் பெட்ரோல் வண்டியின் போர்டு டீசலுக்கு ஒத்துவராது. ஏர்பேக் இல்லாத ரகத்தின் போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையை முடித்திருக்கிறார். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக் சுற்றில் தேங்கிய மின்சாரம் வடியச் சிறிது நேரம் காத்திருந்தார். ஸ்டீயரிங்கை முழுவதும் கீழே இறக்கி, மீட்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை இரும்பு படாமல் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி எடுத்தார். ஸ்க்ரூக்களைக் கழற்றி, போர்டை முன்னால் இழுத்து, கனெக்டரின் பூட்டை அழுத்தி விடுவித்தார். வயரைப் பிடித்து இழுக்கவில்லை. புதியதை மாட்டி, பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஆயில் விளக்குகள் எரிந்து, எஞ்சின் ஓடியதும் ஒவ்வொன்றாக அணைகின்றனவா என்று பார்த்திருக்கிறார். சில கார்களில் திருட்டுத் தடுப்புப் பூட்டான இம்மொபிலைசர் மீட்டர் போர்டுக்குள்ளேயே இருக்கும். போர்டை மாற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இவருடைய காரில் அது தனியாக இருந்ததால் அந்தச் சிக்கல் வரவில்லை. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சிக்கல் எண்ணில் இருந்தது. இப்போதைய பல கார்களில் ஓடிய தூரம் மீட்டர் போர்டுக்குள் இருக்கும் சிறு நினைவகச் சில்லில் எழுதப்பட்டிருக்கும். போர்டு இடம் மாறினால் எண்ணும் கூடவே போகும். அவருடைய பழைய போர்டில் 1,38,412. வாங்கி மாட்டியதில் 61,207. ஒரே பகலில் அந்தக் கார் 77,205 கிலோமீட்டர் இளமையாகிவிட்டது.

புதுப்பேட்டைக் கடையில் ஒருவர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எந்த எண் வேண்டுமோ சொல்லுங்கள், போட்டுத் தருகிறோம் என்று கேட்டாராம். எண்ணில் கைவைப்பது தப்பு என்று இவர் மறுத்துவிட்டார். இந்த வழக்கில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அன்று 1,38,412 என்று எழுதச் சொல்லியிருந்தால் மீட்டர் உண்மை சொல்லியிருக்கும். எண்ணைக் குறைக்கப் பயன்படும் அதே கருவி அதைச் சரியாக்கவும் பயன்படும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நேர்மை என்று நினைத்துத் தொடாமல் விட்ட எண்தான் கடைசியில் அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

மூன்றாவது கேள்விக்கு வந்தோம். கொஞ்ச நாள் கழித்துக் காரைக் கம்பெனி சர்வீஸுக்கு விட்டபோது, முந்தைய வருகையில் பதிந்ததைவிட எண் பாதியாக இருந்ததைப் பார்த்து அங்கிருந்தவர் காரணம் கேட்டிருக்கிறார். இவர் சொல்லியிருக்கிறார். ஜாப் கார்டின் குறிப்புப் பகுதியில், மீட்டர் போர்டு வெளியில் மாற்றப்பட்டது, பழைய அளவு 1,38,412 என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். பிறகு காரை விற்க, பழைய கார் விற்றுத் தரும் ஒரு கன்சல்டிங்கை அணுகினார். சர்வீஸ் ரெக்கார்டு அனுப்புங்கள் என்று கன்சல்டிங்காரர் வாட்ஸ்அப்பில் கேட்க, இவர் எல்லா ஜாப் கார்டுகளையும் படம் எடுத்து அனுப்பினார். குறிப்பு எழுதப்பட்ட கார்டும் அதில் இருந்தது. அசல்களை ஒரு ஃபைலில் போட்டு டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே வைத்துக் காரை ஒப்படைத்தார். வாயாலும் சொன்னதாகச் சொன்னார். வாயால் சொன்னது எனக்கு உதவாது. வாட்ஸ்அப் உதவும் என்று சொல்லி, அந்தப் போனை மாற்றவோ ஃபார்மட் செய்யவோ கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

இனி புகார்தாரர். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று நகையை அடகு வைத்து வாங்கிய கார் அது. கன்சல்டிங்காரர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் '69,800 கி.மீ., சிங்கிள் ஓனர்' என்று போட்டிருந்தார். அந்த ஸ்கிரீன்ஷாட்டை இந்தப் பெண் பத்திரமாக வைத்திருந்தார். சர்வீஸ் ஃபைல் அவர் கைக்கு வரவே இல்லை.

அந்தக் காரின் கையேடு டைமிங் பெல்ட்டை 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. எஞ்சினுக்குள் வால்வுகள் திறந்து மூடுவதையும் பிஸ்டன்கள் ஏறி இறங்குவதையும் ஒரே தாளத்தில் பிடித்து வைப்பது அந்தப் பெல்ட். இந்த வகை எஞ்சினில் ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் மேலேறி, திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். நர்ஸ் கவனக்குறைவானவர் அல்ல. கையேட்டைப் படித்து, 80,000 தொட்டதும் பெல்ட் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருந்தார். மீட்டரில் 79,000 இருந்தபோது, திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் பெல்ட் அறுந்தது.

77,205ஐக் கூட்டிப் பாருங்கள். அன்று அந்தக் கார் உண்மையில் ஓடியிருந்த தூரம் 1,56,205. என் கட்சிக்காரர் 74,000இல் ஒருமுறை பெல்ட்டை மாற்றியிருந்தார். அதற்கும் ஜாப் கார்டு இருந்தது. அடுத்தது 1,54,000இல் மாற்றியிருக்க வேண்டும். உண்மையான எண் கையில் இருந்திருந்தால் நர்ஸ் அதற்கு முன்பே மாற்றியிருப்பார். மீட்டர் எண்ணை வண்டியின் விலையைக் கூட்டிக் குறைக்கும் விஷயமாகவே நாம் பேசுகிறோம். எந்தப் பாகத்தை எப்போது மாற்றுவது என்பதும் அதே எண்ணில்தான் நிற்கிறது. பொய்யான எண், ஓட்டுகிறவரின் உயிரோடு விளையாடுகிறது. அன்று அந்தக் கார் வேகத்தில் நின்றபோது பின்னால் லாரி வராதது அதிர்ஷ்டம்.

கட்டி இழுத்துப்போன கம்பெனி சர்வீஸில் கணினியைப் பார்த்தபோதுதான் பழைய எண் வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் கோபம் நியாயமானது என்று என் கட்சிக்காரரிடமே சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். எங்கள் சண்டை நர்ஸோடு இல்லை, கன்சல்டிங்காரரோடுதான் என்று அன்றே தீர்மானித்தோம். காவல் நிலையத்தில் ஜாப் கார்டையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இன்ஸ்பெக்டரிடம் காட்டினோம். ஏமாற்றுக் குற்றத்துக்குத் தொடக்கத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கு (2000) முதல் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. விற்பதற்கு முன்பே மூன்றாம் நபரின் பதிவேட்டில் உண்மையை எழுத வைத்தவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வரும்? அவரைப் பொறுத்தவரை போலீஸ் விசாரணை அதோடு முடிந்தது.

ஆணையத்தில் கன்சல்டிங்காரரின் வாதம் எளிமையானது, ஆபத்தானதும்கூட. தான் வெறும் கமிஷன் புரோக்கர், விற்றவர் லைன் இன்ஸ்பெக்டர், வாங்கியவர் நர்ஸ், ஆர்.டி.ஓ. ஆவணத்தைப் பாருங்கள் என்றார். ஆவணம் அப்படித்தான் சொன்னது. காரை ஒப்படைத்த அன்று, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை நிரப்பாமல் என் கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். ஆள் கிடைத்ததும் நர்ஸின் பெயரை எழுதிக்கொண்டார். சட்டத்தின் கண்ணில் கன்சல்டிங் என்ற ஒருவர் நடுவில் இல்லவே இல்லை. ஆயிரக்கணக்கான பழைய கார்கள் கைமாறிய வழி இதுதான். நடுவில் அந்தக் கார் யாரையாவது இடித்திருந்தால் என் கட்சிக்காரர்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று நவீன் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

ஆர்.டி.ஓ. ஆவணத்துக்கு எதிராக வங்கிக் கணக்கை வைத்தோம். கன்சல்டிங்காரர் தன் கணக்கிலிருந்து என் கட்சிக்காரருக்கு முழு விலையையும் கொடுத்திருந்தார். சில வாரம் கழித்து நர்ஸ் கன்சல்டிங்காரரின் கணக்குக்கு அதைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாக அனுப்பியிருந்தார். கமிஷன்காரருக்குக் கமிஷன்தான் கிடைக்கும். இங்கே அவர் ஒரு விலைக்கு வாங்கி, இன்னொரு விலைக்கு விற்றிருக்கிறார். நர்ஸுக்கும் என் கட்சிக்காரருக்கும் இடையே ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்ததே ஆணையத்தின் வராந்தாவில்தான்.

வாட்ஸ்அப் உரையாடலுக்கு இந்திய சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழை இணைத்திருந்தேன். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தின் கடுமை அப்படியே பொருந்தாது. ஆனாலும் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் அவசியம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, எதிர்தரப்புக்கு அந்த ஓட்டையை விட்டுவைக்க விரும்பவில்லை. பழைய மீட்டர் போர்டை என் கட்சிக்காரர் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருந்தார். ஆணையம் நியமித்த நிபுணர், அரசு பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறை ஆசிரியர், அதன் சில்லைப் படித்தார். 1,38,412 என்றே அறிக்கை கொடுத்தார். ஜாப் கார்டில் எழுதியிருந்த எண்ணும் சில்லில் இருந்த எண்ணும் ஒன்றானதும் வழக்கின் போக்கே மாறியது.

வீட்டில் மீட்டரை மாற்றியதே சட்டவிரோதம் என்றும் வாதிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு தடுப்பது, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தைத் திருத்துவதை. பழுதான பாகத்தின் இடத்தில் அதே பாகத்தை வைப்பது அதில் வராது. ஓட்டுநருக்கு வேகத்தைக் காட்டும் கருவி வண்டியில் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 117 சொல்கிறது. கெட்டுப்போன மீட்டரை மாற்றுவது கடமைக்கு நெருக்கமானது என்று வாதிட்டேன்.

நர்ஸே கம்பெனி சர்வீஸில் விசாரித்திருக்கலாமே என்பது கன்சல்டிங்காரரின் கடைசி வாதம். சாதாரண கவனத்தோடு விசாரித்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற விலக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் உண்டு. அது தவறான தகவலுக்கும், வஞ்சகமான மௌனத்துக்கும் பொருந்தும். உண்மையைத் தெரிந்துகொண்டே வாய் திறந்து பொய் சொன்னவருக்குப் பொருந்தாது. ஜாப் கார்டைப் பார்த்த பிறகு ஸ்டேட்டஸில் 69,800 என்று போட்டவரை மௌனமாக இருந்தவர் என்று சொல்ல முடியுமா? நர்ஸின் வக்கீல் இதை எடுத்துச் சொன்னபோது, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் நான் மனதாரத் தலையசைத்தேன்.

எஞ்சின் பழுது பார்த்த செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் கன்சல்டிங்காரர் கொடுக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. அவர் செய்தது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. என் கட்சிக்காரர் மீதான புகார் தள்ளுபடியானது. ஆனால் உத்தரவின் ஒரு பத்தி அவருக்காகவே எழுதப்பட்டிருந்தது: மீட்டர் மாற்றிய விவரத்தை விற்பனைத் தாளிலேயே எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த நட்டமே நேர்ந்திருக்காது என்றது ஆணையம். அதைப் படித்துக் காட்டியபோது அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. கம்பெனி சர்வீஸில் நகல் வாங்கி, ஜாப் கார்டுகள் முழுவதையும் ஒரு ஃபைலாகப் போட்டு நர்ஸிடம் கொடுத்தார். "இனிமே எதை மாத்தினாலும் இதுல எழுதி வைம்மா" என்றார்.

அமெரிக்காவில் இப்படி ஒரு வழக்குக்கு இடம் குறைவாகவே இருந்திருக்கும். அங்கே 1972லேயே ஓடோமீட்டருக்கென்று மத்திய சட்டம் வந்துவிட்டது. மீட்டரைப் பழுது பார்த்தாலோ மாற்றினாலோ பழைய எண்ணையே வைக்க வேண்டும். முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, பழைய எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஜெர்மனியில் எண்ணைத் திரிப்பது 2005 முதல் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிகள் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும், வாகனம் அவர்கள் கைக்கு வந்தது பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதல் 55எச் வரை சேர்த்தார்கள். நிரப்பாத படிவத்தை வைத்து நடுவில் ஒளிந்துகொள்ளும் வழி அதனால் குறுகியிருக்கிறது. மீட்டர் எண்ணின் பிரச்சினை மட்டும் அப்படியே நிற்கிறது.

வீட்டில் மீட்டர் போர்டு மாற்றுவதை நான் தடுக்க மாட்டேன். கை தெரிந்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். கழற்றுவதற்கு முன் பழைய எண் தெரியும்படி படம் எடுங்கள். வாங்கிய கடையின் ரசீதில் அந்தப் போர்டு காட்டும் எண்ணை எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் உண்மையான எண்ணைப் புதிய போர்டில் ஏற்றச் சொல்லுங்கள். அது மோசடி இல்லை, உண்மையை நிலைநாட்டுவது. அடுத்த சர்வீஸில் ஜாப் கார்டில் பதிய வையுங்கள். பழைய போர்டைத் தூக்கி எறியாதீர்கள். விற்கும்போது பழைய எண், புதிய எண், மாற்றிய தேதி மூன்றையும் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாங்குபவர் பெயர் இல்லாத படிவத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய கார் வாங்குகிறவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் வண்டியின் சர்வீஸ் வரலாற்றை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. படிவம் 29இலும் 30இலும் ஓடிய தூரத்துக்கு ஒரு கட்டம், மீட்டர் மாற்றப்பட்டதா என்பதற்கு இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும். அவை அன்றே இருந்திருந்தால், நர்ஸின் கார் நடுவழியில் நின்றிருக்காது, ஒரு பெரியவர் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்க மாட்டார். அந்தக் கட்டங்கள் அச்சாகி வரும்வரை, அவற்றை ஒரு வெள்ளைத்தாளில் நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள எந்தச் சட்டமும் தடையாக இல்லை.